மாப்பிள்ளையின் நட்சத்திரம்

கோயில் வாசலில் செருப்பைக் கழற்றினேன். மோதிரத்தையும் கழற்றிவிடலாமா என்று நினைத்தேன். சரணியா என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கழற்றவில்லை.

பெண்ணும் பெண்ணும் மணம் முடிக்கலாம் என்று சுவிஸில் சட்டம் வந்த பிறகு, போன வருடம் ஓல்டனில் நாங்கள் இருவரும் பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். பதிவு செய்த அம்மணி கை குலுக்கி வாழ்த்தினாள். என்ன சுகமான நாடு! ஆனால் அந்தச் சட்டம் ஊஸ்டரில் என் அப்பா வீட்டு வாசலோடு நின்றுவிடும். அங்கே சரணியா என்னோடு வீடு எடுத்திருக்கும் சிநேகிதி மட்டும்தான். அவள் தன் வீட்டில் உண்மையைச் சொன்னவள். அன்றிலிருந்து அவளுடைய அம்மா தொலைபேசியை எடுப்பதில்லை. எனக்கும் அதுதான் நடக்கும் என்ற பயம் என்னை விடவேயில்லை.

போன மாதம் அந்தப் பயம் இரட்டிப்பானது. மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தோம். சரணியாவோடு அதிகம் கதைக்காத அப்பா, சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

“பிள்ளை எப்ப பிறந்தனீர்? எத்தினை மணிக்கு?”

அவள் அப்பாவியாகச் சொல்லிவிட்டாள். பிறந்த நேரம் கேட்டால் அது சாதகத்துக்குத்தான். இவளுக்கும் மாப்பிள்ளை பார்க்கப்போகிறார்! கோயில் நிர்வாகத்தில் இருக்கும் தவராஜா மாமா எனக்கென்று கனடாவில் ஒரு பொறியியலாளரை ஏற்கெனவே பிடித்து வைத்திருந்தார். போதாக்குறைக்கு இதுவுமா?

திரும்பி வரும்போது ரயிலில் சரணியா சொன்னாள்.

“இனி என்னாலை ஒளிச்சுக்கொண்டு இருக்கேலாது, கிருசி. அடுத்த முறை நீ சொல்லேல்லையெண்டால் நான் போறன்.”

அவள் கோபப்படவில்லை. அதுதான் கூடுதல் பயமாக இருந்தது.

அந்த அடுத்த முறை இன்றுதான். அப்பாவின் பிறந்தநாள் அர்ச்சனை. காரிலேயே சொல்ல நினைத்திருந்தேன். பழைய தொழிற்சாலைக் கட்டடத்துக்குள் இருக்கும் அந்தக் கோயிலில், சாமிக்கு முன்னால் வந்து நின்றாயிற்று. இன்னும் சொல்லவில்லை.

“இராஜேந்திரன், உத்தரம். தனலட்சுமி, ரோகிணி. மகள் கிருசிகா, சுவாதி,” என்று ஐயரிடம் சொன்னார் தட்டோடு நின்ற அப்பா.

அம்மா வழக்கம்போல முந்திக்கொண்டாள். “மகளுக்குக் கெதியிலை கலியாணம் சரிவர வேணுமெண்டு சொல்லுங்கோ, ஐயா.”

பின்னால் தவராஜா மாமா கனைத்தார். சரணியா ஓரடி பின்னே வைத்தாள். போகப்போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

“எனக்குக் கலியாணம் முடிஞ்சுது, ஐயா.”

என் குரல் எனக்கே கேட்கவில்லை, ஐயருக்குக் கேட்டுவிட்டது. அவர் பேரும் நட்சத்திரமும் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன மனிதர். நிமிராமலே கேட்டார்.

“அப்ப மாப்பிள்ளையின்ரை பேர்?”

“சரணியா.”

ஐயர் நிமிர்ந்தார். அம்மா என் கையைப் பிடித்து இறுக்கினாள். அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழப்போகிறார் என்றே நினைத்தேன். அவர் பக்கம் திரும்ப எனக்குத் துணிவு வரவில்லை.

“நட்சத்திரம்?” பழக்கதோஷத்தில் ஐயரின் வாய் கேட்டுவிட்டது.

எனக்குத் தெரியாது. கட்டிய மனைவியின் நட்சத்திரம் எனக்குத் தெரியாது! நாங்கள் என்ன, சாதகம் பார்த்தா கட்டினோம்?

“பூரட்டாதி,” என்றார் அப்பா.

திரும்பிப் பார்த்தேன். அவர் கையில் அர்ச்சனைத் தட்டு நடுங்கிக்கொண்டிருந்தது. தேங்காய் உருண்டு விளிம்பில் முட்டியது. இந்த மனிதரும் எத்தனை நாளாகப் பயந்துகொண்டிருந்தாரோ. தவராஜா மாமாவையோ என்னையோ அவர் பார்க்கவில்லை.

“பொருத்தமெல்லாம் நான் பாத்திட்டன், ஐயா. நீங்கள் பேரைச் சொல்லுங்கோ.”