மிதவை இறங்கிய காலை

வெளிச்சம் பரவுவதற்குள் பெயிண்ட் ஆலைத் தொட்டியின் மூடியைத் திறந்தாக வேண்டும். துருவேறிய போல்ட்டுகளைத் தொட்டிக்காரர்கள் இரண்டிரண்டு பேராக ஸ்பானரில் தொங்கித் திருப்பினார்கள். மூடி விலகியதும் பெயிண்டைக் கரைக்கும் தின்னரின் நெடி குப்பென்று முகத்தில் அடித்தது. கண் எரிந்தது, தொண்டையில் இனிப்பாக ஏதோ ஒட்டியது. அடியில் பிசினாய் இறுகிக் கிடக்கும் கசடை ஆள் இறங்கித்தான் சுரண்ட வேண்டும். இறங்குகிறவன் முகமூடி மாட்டிக்கொள்வான். அதிலிருந்து நீளும் குழாய் வழியே கம்ப்ரஸர் அனுப்பும் காற்றுதான் உள்ளே அவனுக்கு மூச்சு.

அந்தக் காற்று போகிற வழியில், சுவரோரமாக ஒரு மீட்டர் இருந்தது. நிமிர்த்தி வைத்த கண்ணாடிக் குழல், உள்ளே சிறு எஃகு மிதவை. காற்று ஓடினால் மிதவை ஏறும். குழலில் ஒரு சிவப்புக் கோடு. மிதவை அதற்கு மேல் நின்றால்தான் ஆள் இறங்கலாம்.

மீட்டர்காரன் அதன் முன்னால் குந்தியிருந்தான். ஆலையில் ஓட்டம் அளக்கும் கருவிகள் எல்லாம் அவன் பொறுப்பு. தின்னர் குழாயின் மீட்டரை மாதம் தவறாமல் கழற்றித் துடைக்கச் சொல்வார்கள். ஒரு சொட்டு கூடுதலாகப் போனாலும் முதலாளிக்கு நட்டம். காற்று மீட்டரைக் கழற்றக் கேட்டால், "அது பாட்டுக்கு நல்லாத்தானே இருக்கு" என்பார்கள். போன முறை இறங்கிய அவன் மச்சானைக் கயிறு கட்டித் தூக்க வேண்டி வந்த பிறகுதான் அனுமதி கிடைத்தது. மச்சான் ஆஸ்பத்திரியில் கண்ணைத் திறந்தபடி கிடக்கிறான். பார்க்கிறான், யாரென்று தெரிவதில்லை.

"மீட்டர் சரியாத்தான் காட்டிச்சு. குடிச்சிட்டு இறங்கியிருப்பான்" என்று முதலாளி எல்லோர் முன்னாலும் சொன்னபோது மச்சானின் மனைவி, அவனுடைய அக்காவும் நின்றிருந்தாள். அவளுக்கு வேலை டின் மூடி அடிக்கும் இயந்திரத்தில். அன்றைக்கு வாயை மூடியவள்தான், தம்பியிடம்கூட அதிகம் பேசுவதில்லை.

மீட்டர்காரன் இப்போது காற்று வால்வை முழுக்க மூடினான். காற்றின் இரைச்சல் அடங்கியது. கீழே விழ வேண்டிய மிதவை மட்டும் கோட்டுக்கு மேல் அசையாமல் நின்றது.

தொட்டி மேஸ்திரி குனிந்து பார்த்தார். "என்னப்பா இது, பொணத்து நாடியைப் புடிச்சுட்டு ஆள் நல்லாருக்கார்ங்குது?"



குழலைக் கழற்றினான். கம்ப்ரஸரிலிருந்து வந்த எண்ணெயும் தூசியும் சேர்ந்து உட்புறம் பசையாகப் படிந்திருந்தது. துடைத்து, மிதவையைக் கழுவி, திரும்ப மாட்டினான். வால்வைத் திறந்ததும் மிதவை துள்ளி எழுந்தது. ஆனால் கோட்டை எட்டாமல் பாதியிலேயே தயங்கி நின்றது. இணைப்புகளில் சோப்பு நுரை தடவினான். குமிழி எங்கும் இல்லை. வடிகட்டி சுத்தமாக இருந்தது. பின்னே காற்று எங்கே போகிறது?

சுவருக்கு அந்தப் பக்கம் மூடி அடிக்கும் கொட்டகை. இடையில் கதவில்லாத வாசல். டக், டக் என்று இயந்திரம் அடிக்க அடிக்க, மிதவையும் ஒவ்வொரு அடிக்கும் துணுக்குற்றது. அவன் வாசல் வழியே எட்டிப் பார்த்தான். அந்த இயந்திரமும் காற்றில் ஓடுவதுதான். அதன் சொந்தக் கம்ப்ரஸர் பழுதானபோது புதிது வாங்காமல் இந்தக் குழாயிலேயே, மீட்டருக்கு முன்னால், இணைத்துவிட்டார்கள்.

"அக்கா, கொஞ்சம் நிறுத்தேன்."

நிறுத்தினாள். மிதவை விறுவிறுவென்று கோட்டைத் தாண்டி ஏறியது.

"இப்ப ஓட்டு."

இறங்கியது.

அக்கா வாசலில் வந்து நின்று கண்ணாடிக் குழலைப் பார்த்தாள்.

"அவர் இறங்கினப்போ என் மெஷின் ஓடிச்சாடா?"

அவன் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தான். அதில் துடைக்க எதுவும் இல்லை.

"ஓடிச்சு," என்றாள் அவளே. "நான்தானே ஓட்டினேன்."

திரும்பிப் போய் உட்கார்ந்தாள்.

முதலாளி வந்தார். மீட்டரைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"நேத்து வரைக்கும் கோட்டுக்கு மேலதான நின்னுச்சு? ரிப்பேர் பண்ணச் சொன்னா கெடுத்து வச்சிருக்க."

"நேத்து ஒட்டிக்கிட்டு நின்னுது சார். இப்பதான் உள்ளதைக் காட்டுது. ஒரே காத்துல ரெண்டும் ஓடாது. உள்ள ஆள் இருக்கறப்போ அந்த மெஷினை நிறுத்தணும். இல்லேன்னா அதுக்குத் தனி கம்ப்ரஸர் வேணும்."

"டேங்க்கும் இன்னிக்கு முடியணும், டின்னும் இன்னிக்குப் போகணும். கோடு போட்டவன் எப்பவும் கொஞ்சம் கூட்டித்தான் போடுவான். நீ கொஞ்சம் எறக்கிப் போடு."

"கோட்டை எறக்கிடலாம் முதலாளி," என்றார் மேஸ்திரி. "மூச்சை எப்படி எறக்குறது?"

"உனக்கு மூச்சு முட்டுச்சுன்னா வெளிய போய் விடு. அந்த இடத்துக்கு வர்றதுக்கு ஆயிரம் பேர் நிக்கிறான்."

சிவப்புப் பெயிண்டும் தூரிகையும் மீட்டர்காரன் கைக்கு வந்தன. ஒரே ஒரு இழுப்பு. இழுத்துவிட்டால் வேலை நிலைக்கும். மச்சானின் மருந்துச் செலவுக்கு இந்தக் கைதான் மிச்சம். தூரிகை நுனியில் பெயிண்ட் திரண்டு, சொட்டி, செருப்பில் விழுந்தது. தொட்டிக்காரர்கள் அவன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.  அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

தூரிகையை டின் மேல் குறுக்காக வைத்தான்.

"என்னால ஆகாது சார்."

முதலாளி வாயைத் திறக்குமுன் கொட்டகையில் சத்தம் நின்றது.

"யாரு நிறுத்தினது?"

"நான்தான்," என்றாள் அக்கா, உட்கார்ந்த இடத்திலிருந்தே. "தெரியாம ஒரு தடவை ஓட்டிட்டேன். தெரிஞ்சு ஓட்ட மாட்டேன்."

"அப்ப எழுந்திரு. வேற ஆள் உக்காரட்டும்."

பக்கத்திலிருந்த பெண்களை அவர் பார்த்தார். ஒருத்தி சேலை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கும் வீட்டுக்காரர் இருக்காருங்க. பெருசா ஒண்ணுக்கும் உதவாதவருதான், ஆனா மூச்சு விட்டுட்டு இருக்காரு" என்றாள். மற்றவர்களும் எழுந்துவிட்டார்கள்.

"எல்லாருக்கும் கணக்கு முடிச்சுடறேன். மத்தியானத்துக்குள்ள புது ஆளுங்க லாரில வந்து எறங்குவாங்க" என்று சொல்லிவிட்டு முதலாளி போனை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குள் போனார்.

மேஸ்திரி தொட்டி மூடியை இழுத்து மூடச் சொன்னார். தொட்டிக்காரர்கள் அதன் மேலேயே ஏறி உட்கார்ந்து, பெண்களுக்கும் இடம் விட்டார்கள். வெயில் ஏறியது. நாளை அடுப்புக்கு என்ன வழி என்று எல்லோர் முகத்திலும் எழுதியிருந்தது. கீழே கிடந்த முகமூடியிலிருந்து காற்று சீறிக்கொண்டே இருந்தது. அக்கா அதை எடுத்துக் கன்னத்தோடு வைத்துக்கொண்டாள். வெகுநேரம் அப்படியே நின்றாள்.

கேட்டுக்கு வெளியே லாரியின் உறுமல் கேட்டது.

"வர்றவனும் வயித்துக்காகத்தான் வர்றான். அடிக்கவா முடியும்?" என்றார் மேஸ்திரி. "என்னன்னு சொல்றது?"

"சொல்ல வேணாம் மேஸ்திரி," என்றான் மீட்டர்காரன். "இங்க கூட்டிட்டு வாங்க. மீட்டரைப் பார்க்கட்டும்."

ஆண்களும் பெண்களுமாக எழுந்து கேட்டை நோக்கி நடந்தார்கள். அக்கா மட்டும் கொட்டகைக்குத் திரும்பினாள்.

"எங்கக்கா போற?"

"காத்து எறங்கறத அவங்க கண்ணால பார்க்கணும்ல? நான் ஓட்டிக் காட்டறேன்" என்றவள், இயந்திரத்தின் முன் உட்கார்ந்து, சுவிட்சின் மேல் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.