அடுத்த கட்டிலின் கட்டைவிரல்

இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் நர்ஸ் வந்து லாய்கனின் புதுக் கட்டைவிரலை அழுத்திப் பார்ப்பாள். அழுத்தினால் வெளுக்கும், விட்டதும் சிவக்கும். "பாருங்க, புதுப்பொண்ணு கன்னம் மாதிரி!" என்பாள். அடுத்த கட்டிலில் கெங்குக்கு வயிறு பற்றி எரியும்.

இருவருக்கும் சீனாவின் யோங்காங் ஊரில் ஒரே பூட்டுக் கம்பெனி. ஒரே பிரஸ் மெஷினில், ஒரு வார இடைவெளியில், வலது கட்டைவிரலைப் பறிகொடுத்தவர்கள். கால்விரல் ஒன்றை எடுத்துக் கையில் ஒட்டியதும் ஒரே டாக்டர்தான். கெங்கின் விரல் நான்காம் நாள் கருத்தது, வெட்டி எறிந்தார்கள். கைவிரலும் போச்சு, கால்விரலும் போச்சு. லாய்கனுக்கு மட்டும் ஒட்டிக்கொண்டது. போதாததற்கு அவன் மனைவி தினமும் புறா சூப்பை ஊதி ஊதி ஊட்டினாள். கெங்கின் மனைவி ஒருநாள் வந்து அழுதுவிட்டுப் போனதோடு சரி.

"டாக்டரு ரத்தக்குழாய ஒழுங்காத் தைக்கல" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தான் கெங். கக்கூஸில் ஒளிந்து மூன்று சிகரெட் இழுத்ததைச் சொல்லவில்லை. புகை போனால் குழாய் சுருங்கி விரல் செத்துவிடும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

மூக்கை அறுத்துக்கொண்டாவது அடுத்தவனுக்குச் சகுனத்தடை செய்கிறவர்கள் உண்டு. கெங்குக்கு அந்தச் செலவும் இல்லை. விரல் ஏற்கெனவே போய்விட்டது.

லாய்கனுக்கு விரல் ஒட்டிய ஐந்தாம் நாள் மதியம், அவன் மனைவி சூப்பைச் சூடுபண்ணப் போனதும், கெங் நொண்டிக்கொண்டே போய் ஒரு சிகரெட்டை நீட்டினான். மூத்தவன் நீட்டும் சிகரெட்டை மறுத்தால் மூஞ்சியில் அடித்த மாதிரி.

"வேணாம்ணே. டாக்டர் கொன்னுடுவாரு."

"ஏன்டா, விரலில்லாதவன் குடுத்தா வாங்கக் கசக்குதோ?"

லாய்கன் பதறிப்போய் வாங்கி உதட்டில் வைத்தான். "அதுவும் சரிதான். நீங்க வாயிலயே வைக்கல, உங்களுக்கே கருத்துருச்சு. எல்லாம் தலையெழுத்துண்ணே. பத்த வைங்க."

கெங் இடது கையால் லைட்டரைத் தட்டினான். லாய்கன் கண்ணை மூடிக்கொண்டு முகத்தை முன்னால் கொண்டுவந்தான். அவ்வளவு நம்பிக்கை. கெங் லைட்டரை அணைத்தான். சிகரெட்டைப் பிடுங்கிக் கசக்கினான்.

"நான் குடிச்சேன்டா. மூணு. அதான் செத்துச்சு. டாக்டர் மேல தப்பில்ல."

லாய்கன் கசங்கிய சிகரெட்டையே பார்த்தான். பிறகு இடது கையால் தன் புது விரலை மறைத்துக்கொண்டான்.

"தெரிஞ்சேவா எனக்கு நீட்டினே?"