எல்லைக்குள்ள ஒரு ஏத்தம்

புதுக்கோட்டைச் சீமையில வாக்கப்பட்டு வந்துட்டு மலை ஏறணும்னு ஆசைப்பட்டா எங்கிட்டுப் போறது? அரிமளத்துக்குக் கெழக்க, கலைமதி வந்து சேர்ந்த ஊர்ல இருக்குற ஒரே மேடு கண்மாய்க்கரைதான். ரோட்டுல இருந்து கரைக்கு சிமெண்டுச் சரிவு ஒண்ணு போட்டிருக்காங்க. மூச்சை இழுத்து விடுறதுக்குள்ள ஏறி முடிஞ்சிரும். அதுல தினம் விடியக்காலம் சைக்கிளை வச்சுக்கிட்டு ஏறுவா, எறங்குவா, மறுபடி ஏறுவா. மாடு மேய்க்கிற ஆண்டியப்பன் கம்பை ஊனிக்கிட்டு நின்னு வேடிக்கை பார்ப்பாரு.

"என்ன தாயி, எதையாச்சும் தொலைச்சுட்டியா?"ன்னு கேப்பாரு.

"ஆமா மாமா, தேடிக்கிட்டே இருக்கேன்"னு சொல்லிட்டு இவ திரும்ப ஏறுவா.

சைக்கிளும் லேசுப்பட்ட சைக்கிள் இல்ல. மாறுதலாகிப் போன ஒரு பேங்க் மேனேஜர்கிட்ட வாங்குன ரேஸ் சைக்கிள். ஆட்டுக்கொம்பு மாதிரி வளைஞ்ச ஹேண்டில், விரல் தடிமன்ல டயரு. சொசைட்டியில கிளார்க்கு வேலை பாக்குற பொம்பளைக்கு இது எதுக்குன்னு ஊரே வாயில போட்டு மென்னுச்சு. மெல்லட்டும்னு விட்டுட்டா. ஞாயித்துக்கெழமையானா மீமிசல் கடக்கரை வரைக்கும் போயி, அங்க கடக்காத்துக்கு எதுக்க மிதிப்பா. மலை இல்லாத ஊர்ல மலைக்குப் பழகுறதுன்னா அதுதான் வழின்னு அவ புருசன் சொல்லிக் கொடுத்திருந்தான்.

புருசன் பேரு சரவணக்குமார். மஸ்கட்ல ஏ.சி. மெக்கானிக். கல்யாணமாகி மூணு வருசம் ஆச்சு, ரெண்டும் சேர்ந்து இருந்தது என்னமோ லீவு நாள்தான். வெள்ளிக்கெழமை அவனுக்கு வேலை கெடையாது. மலையாளத்துக்காரப் பசங்க நாலஞ்சு பேரோட சைக்கிள் எடுத்துக்கிட்டு மலைக்குப் போயிருவான். கணவாய் வாசல்ல நின்னு இவளுக்கு வீடியோ போடுவான். ரெண்டு பக்கமும் பாறை செவரு கணக்கா வானத்துக்கு நிக்கும். நடுவுல ரோடு, ரோட்டை ஒட்டி நூலு மாதிரித் தண்ணி, தண்ணியோரம் ஈச்ச மரம். "நல்லாருக்குங்க"ன்னு சொல்லுவா. வேற என்னத்தைச் சொல்றது? உள்ள போனதும் லைன் கட்டாயிரும். அந்தாண்ட வெளிய வந்து மறுபடி கூப்புடுற வரைக்கும் இவளுக்கு அடுப்புல என்ன இருக்குன்னே தெரியாது. போன வருசம் ஒரு வெள்ளிக்கெழமை மதியம் உள்ள போனவன் பொழுது சாஞ்சும் கூப்புடல. செத்துப் பொழைச்சா. ராத்திரி கூப்புட்டு, "ஒண்ணுமில்ல கலை, பஞ்சர்"னான். பஞ்சருக்கா இம்புட்டு நேரம்னு கேட்டு சண்டை போட்டதோட அது முடிஞ்சு போச்சு.

அன்னைக்குத்தான் அவன் வாக்குக் குடுத்தான். "அடுத்த லீவுக்கு ஒன்னைக் கொல்லிமலைக்குக் கூட்டிட்டுப் போறேன். ரெண்டு பேரும் ஒண்ணா ஏறணும்."

ஒண்ணாங்குற அந்தச் சொல்லைப் புடிச்சுக்கிட்டுத்தான் இவ ஒரு வருசத்தை ஓட்டுனா.

லீவும் வந்துச்சு. ஒரு மாசம். வந்தவனை நாத்தனா வீட்டுப் பால்காய்ப்பு, பெரியப்பா மகன் நிச்சயம்னு ஆளாளுக்குப் பிச்சுத் தின்னாங்க. போற ஞாயிறு, வர்ற ஞாயிறுன்னு தள்ளித் தள்ளி, கடைசியா ஒரு ஞாயித்துக்கெழமை மிச்சம் நின்னுச்சு. திருச்சியில இருந்து அவனுக்கு வாடகைச் சைக்கிள் கூட வந்து எறங்கியாச்சு. இனி எவன் வந்து தடுப்பான்னு இவ சந்தோசமா இருந்தா.

யாரும் தடுக்கல. வெள்ளிக்கெழமை சாயங்காலம் மாரியம்மன் கோயில்ல காப்புக் கட்டு. சட்டையில்லாம கோயிலுக்குப் போனவன் வலது கையில மஞ்சக் கயித்தோட திரும்பி வந்தான்.

"கையில என்னங்க?"

"காப்பு."

"தெரியுது. ஒங்க கையில எதுக்கு இருக்கு?"

அவன் தலையைக் குனிஞ்சான். "பூசாரி தட்டோட வந்தாரு. கையை நீட்டிட்டேன் கலை. பால்குடம் எடுக்கணும்."

"நீட்டிட்டீங்களா! பந்தியில அப்பளத்துக்கு நீட்டுற மாதிரி நீட்டிட்டீங்களா?"

காப்புக் கட்டுனவன் எட்டு நாளைக்கு எல்லைக் கல்லைத் தாண்டக் கூடாது. காலுக்குச் செருப்புக் கூடாது. வீட்டுல கவிச்சி கூடாது. இது பச்சப் புள்ளைக்கும் தெரியும். அடுத்த வெள்ளிக்கெழமை காப்பு அவுக்குறது, சனிக்கெழமை அவனுக்கு பிளேன். ஆக, மலை போச்சு. இன்னொரு வருசம் போச்சு. அவளுக்குக் கோவத்துல கண்ணு மண்ணு தெரியல.

மாமியா ராஜலட்சுமி சமாதானத்துக்கு வந்தாங்க. "சாமி காரியம்டீ. மலை எங்கிட்டு ஓடியா போகுது?"

"மலை ஓடாது அத்தை. ஒங்க மகன்தான் ஓடிருவாரு."

அந்தம்மா முந்தானையால மூக்கைத் துடைச்சுக்கிட்டு உள்ள போயிருச்சு.

ராத்திரி அவன் மெதுவாச் சொன்னான். "நீ போயிட்டு வா. ஷர்லி வேனைக் கேளு."

"போகத்தான் போறேன். நீங்க இங்கனயே ஒக்காந்து மஞ்சக் கயித்தைப் பார்த்துக்கிட்டு இருங்க."

ஷர்லி இவளோட கூடப் படிச்சவ. மீமிசல்ல இருந்து புதுக்கோட்டைக்குத் தினம் மீன் ஏத்திட்டுப் போற வேன் அவளுக்குச் சொந்தம், ஓட்டுறதும் அவதான். பினாயில் ஊத்திக் கழுவி, எலுமிச்சம்பழத்தை அறுத்துப் போட்டுத்தான் கொண்டு வந்தா. இருந்தும் வஞ்சிரம் வாசம் போவேனாங்குது. காப்புக் கட்டுன ஊருக்குள்ள மீன் வேன் நுழையலாமா? எல்லைக் கல்லுக்கு அந்தாண்டயே நிப்பாட்டிட்டா.

ஞாயித்துக்கெழமை விடிய நேரம் இருக்கும்போதே சரவணக்குமார்தான் கலைமதி சைக்கிளைத் தள்ளிக்கிட்டு வந்தான். மஞ்ச வேட்டி, வெறுங்காலு. கல்லுகிட்ட வந்ததும் நின்னான். டயரை அமுக்கிப் பார்த்தான், பிரேக்கைப் புடிச்சுப் பார்த்தான், மறுபடியும் புடிச்சுப் பார்த்தான்.

"கலை, எறங்கும்போது..."

"என்ன?"

"பாத்து வா."

இவ வேன்ல ஏறி கதவைப் படார்னு சாத்துனா. ஷர்லி, "பாவம்டி அண்ணன்"னா. "நீ ரோட்டைப் பாத்து ஓட்டு"ன்னு அவளுக்கும் ஒண்ணு விழுந்துச்சு.

கொல்லிமலை அடிவாரத்துல சைக்கிளை எறக்குறப்போ நல்லா விடிஞ்சிருச்சு. கொண்டை ஊசி வளைவுக்கு வளைவு நம்பர் எழுதி வச்சிருக்காங்க. கடக்காத்தும் மலையும் ஒண்ணுன்னு நெனைச்சுத்தானே பழகுனா? கடக்காத்து தள்ளும், கொஞ்சம் ஓயும், அந்த நேரம் மூச்சு விட்டுக்கலாம். மலை ஓயவே ஓயாது. பத்தாவது வளைவுலயே தொடை ரெண்டும் கல்லாப் போச்சு. பின்னாடி வேன்ல இருந்து ஷர்லி, "ஏறுடி கழுதை, வந்துட்டு திரும்பவா போற!"ன்னு கத்திக்கிட்டே வந்தா. கோவம்தான் இவளை ஏத்துச்சுன்னு சொல்லணும். ஒவ்வொரு மிதிக்கும் அவனைத் திட்டிக்கிட்டே ஏறுனா. பாதிக்கு மேல திட்டுறதுக்குக் கூடத் தெம்பில்ல. அப்புறம் சும்மா அவன் பேரை மட்டும் சொல்லிக்கிட்டே ஏறுனா.

மேல போயி நின்னப்போ காலு வெடவெடன்னு ஆடுச்சு. கீழ பார்த்தா வந்த ரோடு மடிஞ்சு மடிஞ்சு கெடக்கு. குளுந்த காத்து. பலாப்பழ வாசம். ஒரு வருசமா இதுக்குத்தான் ஏங்குனா. பக்கத்துல திரும்பிப் பார்த்தா ஒருத்தரும் இல்ல. அவளுக்கு மனசு நெறையல.

போனை எடுத்து வீடியோ போட்டா. முதல் மணியிலயே எடுத்தான். கண்மாய்க்கரையில ஒக்காந்திருந்தான்.

இவ போனைத் திருப்பி மலையைக் காட்டுனா. அவன் போனைக் கண்ணுக்குக் கிட்ட கொண்டு போனான். அப்புறம், "நல்லாருக்கு கலை"ன்னான்.

வெள்ளிக்கெழமை தோறும் இவ சொல்ற அதே சொல்லு. அதை இப்பத்தான் வேற வாயில கேக்குறா.

"சரி, எறங்கப் போறேன். வைக்கிறேன்."

"வைக்காத! நான் சொல்றதைக் கேளு. பிரேக்கை விடாமப் புடிச்சுக்கிட்டே எறங்காத. வளைவுக்கு முன்னாடி நல்லாப் புடி, அப்புறம் விட்டுரு. நம்ம ஊருக்காரவுக ஏறப் பழகிக்கலாம், எறக்கம்னா என்னன்னே தெரியாது. பயந்துக்கிட்டு இறுக்கிப் புடிச்சே வந்தா ரிம்மு சூடேறி டியூபு வெடிச்சிரும்."

"ஒங்களுக்கு எப்புடித் தெரியும்?"

அவன் கையில இருந்த மஞ்சக் கயித்தைத் தடவுனான். "அன்னைக்குப் பஞ்சர்னு சொன்னேன்ல..."

இவ நின்ன எடத்துலயே ஒக்காந்துட்டா.

"கணவாய்ல எறங்குறப்போ முன் டயரு வெடிச்சிருச்சு கலை. ரோட்டோரக் கம்பியில போயி முட்டித்தான் நின்னேன். கம்பிக்கு அந்தாண்ட பள்ளம். மாரியாத்தான்னு கத்துனேன். ஊருக்குப் போயி ஒனக்குக் காப்புக் கட்டி பால் எடுக்குறேன், என்னைக் கலைகிட்ட கொண்டு போயிச் சேத்துருன்னு வேண்டிக்கிட்டேன்."

"ஏன் சொல்லல? ஏங்க என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ சைக்கிளைத் தொடுவியா? ஒன் ஆசையை நான் கெடுக்கவா?"

"பாவி மனுசா!"ன்னு வெடிச்சு அழுதா. "எனக்கு மலை மேல என்னங்க ஆசை? நீங்க மலையிலதானே இருந்தீங்க, அதனால மலையைக் கேட்டேன். எனக்கு நீங்கதான் வேணும்!"

போன்ல அவன் மூஞ்சி அசையாம நின்னுருச்சு. டவரு போயி எம்புட்டு நேரமாச்சோ தெரியல.

ஷர்லி வந்து, "போதும்டி, வேன்ல ஏறு, கீழ போயிரலாம்"னா. இவ கண்ணைத் துடைச்சுக்கிட்டு ஹெல்மெட்டை மாட்டுனா. வளைவுக்கு முன்னாடி புடிச்சா, விட்டா. புடிச்சா, விட்டா. ஏறுனப்போ இருந்த கோவம் ஒரு பொட்டு கூட இல்ல, பயம் மட்டும் இருந்துச்சு. பயத்தோடயே அவன் சொன்ன மாதிரி கையை விட்டா. அடிவாரத்துல எறங்கி ரிம்மைத் தொட்டுப் பார்த்தா. சூடு இருந்துச்சு, சுடல.

வேன் ஊர் எல்லைக்கு வந்தப்போ வெயில் தணிஞ்சு போச்சு. கல்லுக்கு இந்தாண்ட, பெருவிரல் கல்லை ஒட்ட, வாடகைச் சைக்கிளைப் புடிச்சுக்கிட்டு அவன் நின்னான். எப்ப இருந்து நிக்கிறானோ, மூஞ்சியெல்லாம் வாடிக் கெடந்துச்சு.

"அண்ணே, இந்தாங்க ஒங்க பொண்டாட்டி. கையி காலு எல்லாம் சரியா இருக்கா, பாத்துக்கங்க"ன்னு ஷர்லி வேனைத் திருப்பிட்டா.

"ரிம்மு?"ன்னு கேட்டான்.

"சுடல."

அவ்வளவுதான் பேச்சு. கட்டிப் புடிச்சு அழ ரோடா எடம்? அவன் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு சைக்கிள்ல ஏறுனான். "வா. எனக்கு எல்லை இருக்குற வரைக்கும் போவோம்."

ரெண்டு பேரும் சோடியாப் போனாங்க. கண்மாய்ச் சரிவுக்கு வந்ததும் அவன் இவளைப் பார்த்தான். இவ கியரை மாத்துனா. ஒண்ணா ஏறுனாங்க. வெறுங்காலுல அந்த முள்ளு மாதிரிப் பெடலு குத்த, அவன் பல்லைக் கடிச்சுக்கிட்டு மிதிச்சான். மூச்சை இழுத்து விடுறதுக்குள்ள மேல வந்தாச்சு. கண்மாயில கொஞ்சம் தண்ணி கெடந்துச்சு.

"இன்னொரு தடவை"ன்னு இவ சொன்னா.

எறங்குறப்போ அவன், "பிரேக்கை விடு"ன்னு கத்துனான். ஆளு ஒசரம் கூட இல்லாத அந்தச் சரிவுல! இவளுக்குச் சிரிப்பும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு. திரும்ப ஏறுனாங்க. திரும்ப எறங்குனாங்க.

மாட்டை ஓட்டிக்கிட்டு வந்த ஆண்டியப்பன் நின்னு பார்த்தாரு. "என்னப்பா, ரெண்டு பேரும் சேந்தே தொலைச்சுட்டீங்களா?"

கோயில்ல கொட்டு அடிக்க ஆரம்பிச்சுட்டாங்க. அவன் குளிச்சிட்டு அங்க போயி நிக்கணும். காப்பு அவுத்தா மறுநாள் பிளேன்.

"போகணும் கலை"ன்னான்.

"போலாம். இன்னும் ஒரே ஒரு தடவை"ன்னு சொல்லிட்டு இவ முன்னாடி எறங்குனா.