பை எட்வர்ட்

மைக் கட்டிய ஆட்டோவின் குறுக்கே போய் நின்றாள் பிரின்சி. உள்ளே உட்கார்ந்து, "பை எட்வர்ட் இன்று காலை கர்த்தருக்குள்..." என்று அறிவித்துக்கொண்டிருந்த அன்புசெல்வன் பாதியில் நிறுத்தினார். அவள் அப்பாவோடு ரோலிங் மில்லில் வேலை பார்த்தவர் அவர்.

"மாமா, எங்கப்பாக்கு ஞானஸ்நானத்துல வச்ச பேரு எட்வர்ட். அத மட்டும் சொல்லுங்க."

"இங்க மூணு எட்வர்ட் கீறாங்கம்மா. யாருன்னு எப்டி தெரியும்?"

"தெரியாட்டி போவட்டும்."

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் யாரோ ஒருவன் எட்வர்டிடம் பையைக் கொடுத்து, தண்ணீர் பிடித்து வருவதாகச் சொல்லிப் போனான். ஒளித்துவைத்த கேமரா எதிரே இருந்தது. எவ்வளவு நேரம் நிற்பார் என்று டிவி ஸ்டுடியோவில் பந்தயம். பத்து நிமிஷம் என்றார்கள், பதினைந்து என்றார்கள். மனுஷன் ஷிப்டைக் கோட்டைவிட்டு மூன்று மணி நேரம் நின்றார். பையை மோந்த நாயை விரட்டியதற்கும், பையோடேயே கழிப்பறைக்குப் போனதற்கும் ஸ்டுடியோவே விழுந்து விழுந்து சிரித்தது.

நிகழ்ச்சியை ஆறே வாரத்தில் மூட்டை கட்டிவிட்டார்கள். பேர் மட்டும் போகவில்லை. பள்ளியில் அவள் பை எட்வர்ட் பொண்ணு ஆனாள். அவரோ கோபப்பட்டதே இல்லை, அப்படிக் கூப்பிட்டால் சாதாரணமாகத் திரும்பிப் பார்ப்பார். அப்படித் திரும்பிப் பார்ப்பதுதான் அவளுக்கு ஆறவே இல்லை. சாவிலாவது அந்தப் பேர் ஒழியட்டும் என்றிருந்தாள்.

நாலு மணிக்கு எடுப்பதாக ஏற்பாடு. இரண்டரை ஆகியும் போட்ட நாற்காலிகள் காலியாகவே கிடந்தன. ஐஸ் பெட்டிமேல் கை வைத்திருந்த ரோசம்மாள் நிமிர்ந்து மகளைப் பார்த்தாள்.

"உங்கப்பாவ பாக்க யாருமே வரலியாடி?"

பிரின்சி வாசலைப் பார்த்தாள்.

அப்போதுதான் அன்புசெல்வன் ஓடி வந்து சொன்னார். வெறும் எட்வர்ட் என்று அறிவித்ததைக் கேட்டு மில் ஆட்கள் இருபது பேர் மாலையோடு அடுத்த தெரு வாட்ச்மேன் எட்வர்ட் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். அந்த எட்வர்ட் உள்ளே சோறு தின்றுகொண்டிருந்தார். மாலையைப் பார்த்த அவர் மனைவி துடைப்பத்தைத் தூக்க, பொய்ச் சேதி என்று எல்லாரும் பஸ் ஸ்டாப்புக்குத் திரும்பிவிட்டார்களாம்.

பிரின்சி அம்மாவின் தோளைத் தொட்டுவிட்டு வெளியே வந்து ஆட்டோவில் ஏறினாள். மைக்கைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"நான் சொல்லட்டாம்மா?" என்றார் அன்புசெல்வன்.

"வேணா மாமா."

பஸ் ஸ்டாப்பில் மில் ஆட்களோடு கம்பெனி வண்டி கிளம்பத் தயாராக நின்றது. அவள் குரல் முதலில் எழும்பவில்லை. எச்சிலை விழுங்கிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள்.

"ரோலிங் மில்லு பை எட்வர்ட் காலைல தவறிட்டாரு. எங்கப்பா. நாலு மணிக்கு எடுக்குறோம். ஊட்டுக்கு வாங்க."

வண்டியிலிருந்து ஒருவர் இறங்கினார். பின்னாலேயே மற்றவர்களும் இறங்கினார்கள். டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸை வைத்துவிட்டு எழுந்தார்கள். திரும்பும்போது வழி நெடுக ஆட்கள் நடந்துகொண்டிருந்ததால் ஆட்டோ மெதுவாகத்தான் வர முடிந்தது.