டூகல்ட் ரென்னியின் எடை

ஸ்காட்லாந்து தனிநாடாக வேண்டுமா என்ற வாக்கெடுப்பில் ‘வேண்டாம்’ அணி ஜெயித்த மறுநாள், அந்த அணிக்காக ஊர் ஊராகத் தொண்டை கிழியப் பேசிய ஆக்டர்பிரே தொகுதி எம்.பி. டூகல்ட் ரென்னி முப்பத்தொரு கிலோ இளைத்திருந்தார். ஆளின் சுற்றளவில் ஓர் அங்குலம்கூடக் குறையவில்லை. தொப்பை, இரட்டைத் தாடை, செங்கட்சியின் ரோஜா குத்திய கோட்டு எல்லாம் அப்படியே இருந்தன. எடைப்பொறியின் முள் மட்டும் வேறு யாருடையதோ கணக்கைக் காட்டியது. டாக்டர் ஆறு வருஷமாகக் கெஞ்சியது ஒரே ராத்திரியில் நடந்துவிட்டதே என்று அவர் சந்தோஷமாக இரண்டு முட்டை கூடுதலாகச் சாப்பிட்டார். மூன்றாம் வாரம், மீன் வறுவல் கடை வாசலில் காற்று வீசியபோது அவருடைய கால்கள் தரையைவிட்டு நான்கு விரற்கடை எழும்பின. வரிசையில் நின்றவர்கள் பார்த்தார்கள். அவருக்கு இடம் விட்டுப் பின்னால் நகர்ந்துகொண்டார்கள்.

காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். இருபத்தெட்டு வருஷமாக ஆக்டர்பிரேயில் செங்கட்சி பதினேழாயிரம் வித்தியாசத்தில் ஜெயித்து வந்தது; எதிர்க்கட்சிக்காரர்கள் வோட்டு எண்ணும் இடத்துக்கு வந்து தேநீர் ஆறுவதற்குள் தோற்றுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அந்தப் பதினேழாயிரம்தான் ரென்னியைத் தரையில் நிறுத்தி வைத்திருந்தது. வாக்கெடுப்பின் முடிவு வந்த காலையில் அவர் நகரமன்ற மாடத்தில், அதே அணியில் இருந்த நீலக் கட்சிக்காரரின் கையைப் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கினார். முப்பது வருஷத்துக்கு முன்னால் ஊரின் நிலக்கரிச் சுரங்கத்தை மூடிய கட்சி அது. கைகள் சேர்ந்து நின்ற அந்தப் படம் பத்திரிகையில் வந்த நிமிஷத்திலிருந்து பதினேழாயிரம் கரையத் தொடங்கியது. கிறிஸ்துமஸ் வந்தபோது ஊரில் ‘வேண்டாம்’ போட்ட ஓர் ஆளைக்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. பாதிக்கு மேல் அப்படிப் போட்டதாகத்தான் அரசாங்கத் தாள் சொன்னது. அந்தத் தாளையும் யாரோ நூலகத்திலிருந்து எடுத்துப் போயிருந்தார்கள்.

தனிநாடு கேட்டுத் தோற்ற மஞ்சள் கட்சியில் சேர மழையில் வரிசை நின்றது. அதில் ஒருத்தி செங்கா பெட்ரி, பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு சமைப்பவள். அவளையே வேட்பாளராக நிறுத்தினார்கள். அன்றிலிருந்து அவளுக்கு எடை ஏறியது. ஒல்லியான அவள் உட்கார்ந்தால் ஏழாம் நம்பர் பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்தது; டிரைவர் அவளை நடுவில் நிற்கச் சொன்னார். “நான் ஒரு பிஸ்கட்கூடக் கூடுதலாத் தின்னலப்பா,” என்று அவள் தேவாலயத்தில் மூன்றாவது பெஞ்சு முறிந்த அன்று அழுதாள். போதகர் நான்காவது பெஞ்சைக் காட்டினார்.

ரென்னிக்கு அடுத்து வந்த மே மாத நாடாளுமன்றத் தேர்தல் வாழ்வா சாவா என்றாகிவிட்டது. தோற்றால் பதவி மட்டுமல்ல, தரையும் போகும். அவருடைய தேர்தல் ஏஜென்ட் இஷ்பெல் டல்லாக், இருபத்தெட்டு வருஷமும் அவருக்காகக் கதவு தட்டியவள், படகுக்காரரிடம் ஒரு கயிறு வாங்கி வந்து அவருடைய பெல்ட்டில் கட்டினாள். மறுமுனையைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள். அப்படித்தான் இருவரும் வோட்டுக் கேட்டார்கள்: அவள் நடப்பாள், அவர் கூரை உயரத்தில் வருவார். பழைய சுரங்கத் தொழிலாளி வாட்டி கெடஸ் கதவைத் திறந்து அண்ணாந்து பார்த்தான்.

“தரையில இருந்தப்போ ஒரு நாளாவது எங்க தெருவுக்கு வந்தீங்களா? பறக்க ஆரம்பிச்சப்புறம்தான் வழி தெரியுதோ?”

“வாட்டி, உங்க அப்பா காலத்துலேர்ந்து நம்ம கட்சி...”

“வந்ததுதான் வந்தீங்க, அந்தக் கூரைத் தண்ணி வடிகால்ல இலை அடைச்சிருக்கு. கையோட எடுத்துப் போட்டுட்டுப் போங்க.”

ரென்னி எடுத்துப் போட்டார். அந்தத் தெருவில் பதினொரு வீட்டுக் கூரை வடிகால்களைச் சுத்தம் செய்தார். எம்.பி.யாக அவர் செய்த வேலைகளில் கண்ணால் பார்க்கக்கூடியது அது ஒன்றுதான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். ஆனாலும் ஒரு வோட்டும் திரும்பவில்லை. லண்டன் தலைமையகத்திலிருந்து நிபுணர்கள் மூவர் வந்தார்கள். எடை கூட்டுவதற்காகக் கட்சியின் தேர்தல் அறிக்கையில் நானூறு பிரதிகளை அவருடைய கோட்டுக்குள் திணித்தார்கள். அவர் மேலும் இரண்டடி உயர்ந்தார். நிபுணர்கள் அதைக் குறித்துக்கொண்டு மாலை ரயிலில் திரும்பிப் போனார்கள்.

இஷ்பெல் யாரிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. வாக்கெடுப்பில் அவள் ‘வேண்டும்’ போட்டிருந்தாள். அவளுடைய கணவன் சுரங்கம் மூடியதும் வேலை போய் வீட்டுக்கு வந்தவன். பிறகு எந்த வேலையிலும் நிலைக்காமலே போய்ச் சேர்ந்தான். மாடத்தில் அந்தக் கைகள் சேர்ந்து உயர்ந்தபோது அவள் கீழே நின்று பூங்கொத்து பிடித்திருந்தாள். அதைப் பற்றி ரென்னி அவளிடம் கேட்டதும் இல்லை, கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதும் இல்லை.

தேர்தல் நாளன்று வாக்குச்சாவடியான பள்ளிக்கூடத்தின் வேலிக் கம்பியில், வோட்டுப் போட வந்தவர்கள் வழக்கம்போலத் தங்கள் நாய்களைக் கட்டியிருந்தார்கள். இஷ்பெல் ஒரு ஸ்பானியல் நாய்க்கும் ஒரு டெரியர் நாய்க்கும் நடுவில் எம்.பி.யைக் கட்டினாள்.

“சீக்கிரம் வந்துடு இஷ்பெல். காத்து ஒரு மாதிரியா இருக்கு.”

“ஒரு குறி போட எவ்ளோ நேரம் ஆகும்? நாயைச் சீண்டாம இருங்க.”

உள்ளே நூலில் கட்டிய குட்டைப் பென்சிலை அவள் கையில் எடுத்தாள். அவருடைய பெயரைப் படித்தாள். இருபத்தெட்டு வருஷத்தில் அந்தப் பெயரை எத்தனை சுவரில் ஒட்டியிருப்பாள். பிறகு செங்கா பெட்ரியின் பெயருக்கு நேராகப் பெருக்கல் குறி போட்டாள். வெளியே டெரியர் குரைத்தது. விலகிப்போன ஒவ்வொரு வோட்டும் ரென்னிக்கு உள்ளங்காலில் கூச்சமாகத்தான் தெரியும். இது இடுப்பில் இழுத்தது. பெல்ட்டின் கொக்கி தெறித்தது. அவள் வந்து பார்த்தபோது கம்பியில் கயிறும் பெல்ட்டும் தொங்கின. ரென்னி தேவாலயக் கோபுரத்துக்கு மேலே, இரண்டு கையாலும் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார். செங்கா ஒன்பதாயிரம் வித்தியாசத்தில் ஜெயித்தாள். நன்றி சொல்ல அவள் ஏறியதும் மேடை இறங்கியது.

பிறகு ஊர் பழகிக்கொண்டது. மீனவர்கள் காற்றின் திசையை அவரைப் பார்த்துச் சொன்னார்கள். விமானிகளின் வரைபடத்தில் அவரைச் சேர்த்தார்கள். வியாழக்கிழமைகளில் இஷ்பெல் பட்டத்து நூலில் தேநீர்க் குடுவை அனுப்பினாள். செங்கட்சிக்கு வேட்பாளர்கள் மாறினார்கள். கட்சியின் ஏற்ற இறக்கம் மட்டும் அவரிடமே தங்கிவிட்டது. இரண்டாயிரத்துப் பதினேழில் கட்சி கொஞ்சம் தலைதூக்கியதும் அவர் இஷ்பெல்லின் மாடி ஜன்னல் உயரத்துக்கு இறங்கி வந்தார்.

“அன்னிக்கு உள்ள போய் யாருக்குப் போட்டே?”

“செங்காவுக்கு.”

“வாக்கெடுப்புலயும்?”

“வேணும்னுதான் போட்டேன். நீங்க கேட்கவே இல்லியே.”

“அப்புறம் எதுக்கு ஆறு மாசமா கயித்தைப் பிடிச்சே? கையெல்லாம் காய்ச்சுப்போச்சே?”

“வோட்டு வேற, ஆளு வேற, டூகல்ட். நீங்க பறந்துபோய்க் கடல்ல விழணும்னா நான் நெனச்சேன்? கோப்பையைக் குடுங்க, சூடா ஊத்தறேன்.”

அவர் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கோப்பையை நீட்டினார். அன்று மாடத்தில் நீலக் கட்சிக்காரரின் கை ரொம்ப ஈரமாக இருந்தது என்று மட்டும் சொன்னார். அவள் சிரித்தாள். பத்தொன்பதில் கட்சி மறுபடி விழ, பனியோடு பனியாக அவர் மேகத்துக்குள் போனார். அடுத்த நான்கு வருஷம் தேநீர் ஆறித்தான் போய்ச் சேர்ந்தது.

பிறகு மஞ்சள் கட்சிக்குள் சண்டை, விலகல், விசாரணை என்று வந்தது. செங்கா பெட்ரி கோட்டுப் பையில் கூழாங்கல் போட்டுக்கொண்டு நடப்பதை மக்கள் கவனித்தார்கள். கண்டும் காணாததுபோலப் போனார்கள். இரண்டாயிரத்து இருபத்துநான்கு ஜூலையில், வேறெங்கோ பிறந்த ஒரு வாலிபன் செங்கட்சிக்காக ஆக்டர்பிரேயை ஜெயித்தான். அன்று மத்தியானம் எழுபத்தெட்டு வயது ரென்னி பந்துருட்டு ஆட்டக் கழகத்தின் பச்சைப் புல்தரையில் மெதுவாக வந்து இறங்கினார். குதிகால்கள் புல்லில் அழுந்தின. கழகச் செயலாளர் விசிலை ஊதிக்கொண்டு ஓடி வந்தார்.

“புல்லு மேல பூட்ஸோட நிக்கக் கூடாது! போர்டு போட்டிருக்குல்ல?”

ரென்னி மன்னிப்புக் கேட்டுக் குனிந்து பூட்ஸைக் கழற்றினார். நான்காவது தடத்தில் இஷ்பெல் உருட்டுவதற்காகப் பந்தைக் கையில் வைத்திருந்தாள். அவரைப் பார்த்தாள், ஆட்டம் முடிய இன்னும் இரண்டு பந்து இருக்கிறது என்று விரலால் காட்டினாள். அவர் ஓட்டை விழுந்த காலுறையோடு எல்லைக் கோட்டுக்கு வெளியே போய் நின்று காத்திருந்தார்.