பெற்றுக்கொண்டவர்

தகரப் பெட்டியின் பூட்டை அம்மிக் குழவியால் அடித்துக்கொண்டிருந்தாள் பெனிட்டா. மிலிட்டரிப் பெட்டி, லேசில் வழிக்கு வருவதாக இல்லை. வாசலில் ஷாமியானாவுக்குக் கீழே ஒப்பாரி விட்டு விட்டுக் கேட்டது. அப்பனைக் கூடத்தில் கிடத்திவிட்டு மகள் பூட்டை உடைக்கிறாள், பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று அவளுக்கும் தெரியும். நினைத்துவிட்டுப் போகட்டும்.

கண்ணப்பன் எட்டிப் பார்த்தார். பக்கத்து வீடு. இறந்துபோன தானியேலுக்கு ஒரு வயசு மூத்தவர். பழவேற்காட்டு ஏரியில் இரண்டு பேரும் ஒரே படகில் வலை போட்டவர்கள்.

"இன்னாம்மா, சாவு வூட்ல பட்டறை மாரி சத்தம்?"

"நைனாவோட டிஸ்சார்ஜ் புக்கு உள்ள இருக்குது மாமா, சாவி கெடைக்கல. பொன்னேரிலேர்ந்து முன்னாள் ராணுவத்தார் சங்கத்து ஹவில்தாரு வர்றாரு. கல்லறையில வச்சிப் படிப்பாராம்."

"படிக்கறதுக்கு அதுல இன்னா கீது?" என்றார் கண்ணப்பன். கேட்ட பிறகு அவருக்கே என்னவோ போலிருந்திருக்க வேண்டும். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த ஒரு கேள்விதான் தானியேலை நாற்பது வருஷம் அரித்தது.

எழுபத்தொன்றாம் வருஷத்து பங்களாதேஷ் சண்டையில் அவர் கிழக்கே இருந்தார். ஆற்றைக் கடக்கிற படகுப் பிரிவு. பட்டாளத்தில் துடுப்புப் போடத்தான் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அன்றைக்கு ஆறு சேறும் மணலுமாக முழங்கால் ஆழத்தில் கிடந்தது, துடுப்பு எதற்கு ஆகும்? பிறந்த ஊரான தோணிரேவில் நடக்கக் கற்றதும் கழி ஊன்றக் கற்றவர் அவர். ஒரு மூங்கிலை வெட்டி ஊன்றிப் படகைத் தள்ளி, காயம்பட்ட பதினோரு பேரை மூன்று நடையில் அக்கரை சேர்த்தார். மூன்றாவது நடையில் இடது தொடையில் குண்டு. போரில் நின்றதற்கு ஒரு மெடல், காயம்பட்டதற்கு ஒரு மெடல், இரண்டும் உனக்கு உண்டு என்று ஆபீசரே ஆஸ்பத்திரிக் கட்டிலருகே வந்து சொல்லிவிட்டுப் போனார்.

எண்பத்துமூன்றில் ஊர் திரும்பும்போது கையில் கொடுத்த புத்தகத்தில், பதக்கங்கள் என்கிற கட்டத்தில், ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தது.

ஊர் சும்மா இருக்குமா? "சண்டைக்குப் போனவன்னா மெடலு எங்கடா?" என்று ஆரம்பித்தது கண்ணப்பன்தான். "அது குண்டு பட்ட தழும்பு இல்லபா, திருக்கை மீனு முள்ளு குத்தினது" என்று அவர் ஒருநாள் வலை உலர்த்துகிற இடத்தில் விளையாட்டாகச் சொன்னது, சொன்னவர் மறந்த பிறகும் ஊரில் நின்றுவிட்டது. சின்னப் பிள்ளைகள்கூடத் திருக்கைத் தாத்தா என்றார்கள். தானியேல் சிரித்துக்கொண்டே போவார். வீட்டுக்கு வந்து அடுத்த மனுவை எழுதுவார்.

பொன்னேரி கோர்ட்டுக்கு எதிரே டைப்பிங், ஜெராக்ஸ் கடையில் பெனிட்டாவுக்கு வேலை. இருபது வருஷமாக அந்த மனுக்களை அடித்துக் கொடுத்தவள் அவள்தான். கடைசி வரி மட்டும் எந்த மனுவிலும் மாறாது: மெடல் தேவையில்லை, புத்தகத்தில் பதிவு செய்தால் போதும்.

"கேக்கறதே கேக்கற, மெடலையும் சேத்துக் கேளேன் நைனா."

"எழுத்துல ஏறினா போதும். நீ அடி."

"உன் ரத்தத்துக்குக் குடுத்தது நைனா அது!"

"அடின்னா அடியேன். வாயாடி."

முந்தாநாள் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கிக்கொண்டு, "பதிலு இன்னா ஆச்சி?" என்று கேட்டார். "வந்துடும் நைனா. உன் பேரோட மெடலையும் ஊரு கேக்க படிக்க வெக்கிறேன்" என்றாள். எந்தத் தைரியத்தில் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. அவர் அவள் கையை ஒருதரம் அழுத்தினார். விடிவதற்குள் போய்விட்டார்.

பூட்டு தெறித்தது.

உடுப்புக்கு அடியில், பாலித்தீன் உறைக்குள் புத்தகம் இருந்தது. உருவும்போது அட்டைக்குப் பின்னாலிருந்து நாலாக மடித்த ஒரு தாள் விழுந்தது. மடிப்பெல்லாம் பழுத்து இற்றுப்போயிருந்தது. தொண்ணூற்றுமூன்றாம் வருஷத்துக் கடிதம், ராணுவ ரெக்கார்டு ஆபீசிலிருந்து, இங்கிலீஷில். இப்படி ஒரு பதில் வந்ததாக நைனா சொன்னதே இல்லை.

தாங்கள் குறிப்பிடும் இரண்டு பதக்கங்களும் 1975இல் தங்கள் வீட்டு விலாசத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பப்பட்டுவிட்டன. பெற்றுக்கொண்டவர் நேரில் வந்து, பதக்கங்களைக் காட்டியோ, அவை எப்படித் தொலைந்தன என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்தோ, புத்தகத்தில் திருத்தம் செய்துகொள்ளலாம். ரசீதின் நகல் கீழே.

கீழே ஒரு கைநாட்டு. பெயர், எல்லம்மா. உறவு, மனைவி.

பெனிட்டா தாளை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். கைநாட்டின் நடுவே குறுக்காக ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. அம்மாவின் இடது கட்டைவிரலில் சின்ன வயசில் நண்டு கடித்துப் பிளந்த தழும்பு. அந்த விரலைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நடை பழகினாள்.

டீ கொடுக்கிற சாக்கில் எல்லம்மாவைப் பின்கட்டுக்கு அழைத்து வந்தாள். அழுது அழுது அம்மாவுக்குக் குரலே இல்லை. பெனிட்டா தாளை விரித்துக் காட்டினாள். எல்லம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் தன் விரல் தனக்குத் தெரியாதா? பார்த்தவுடனே இடது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"எங்கம்மா அது? இன்னா பண்ண?"

எல்லம்மா டீ டம்ளரைக் கீழே வைத்தாள்.

"கண்ணாலமாயி ஒரு வருசம். அவரு எங்கியோ மலைப்பக்கம் இருந்தாரு. நாலு மாசமா லெட்டரு இல்ல. திடீர்னு போஸ்ட்மேன் வந்து ஒரு பொட்டலத்த நீட்டறான். கைநாட்டு வச்சிப் பிரிச்சா உள்ள நட்சத்திரம் மாரி ஒண்ணு, வட்டமா ஒண்ணு, ரிப்பன் தச்சி... ஆளு வரல, பொருளு வருது. நான் இன்னாடி நெனைப்பேன்?"

பெனிட்டாவுக்குப் புரிந்தது. தோணிரேவில் பிறந்த யாருக்கும் புரியும். படகு கவிழ்ந்து ஆள் காணாமல் போனால், ஆளுக்கு முன்னால் துடுப்போ மிதவையோ தலைத்துண்டோ கரை ஒதுங்கும். அதை வீட்டுக்குள் எடுத்து வைக்கிறவளுக்குப் புருஷன் இல்லை. அப்படியே தூக்கித் தண்ணீருக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, உன் பொருளை நீ எடு, என் ஆளை எனக்கு விடு என்று கேட்க வேண்டும். அந்தக் கரைப் பெண்கள் கோயிலுக்குப் போனாலும் சர்ச்சுக்குப் போனாலும் இதை மட்டும் விடமாட்டார்கள்.

"ஓடனேன். முகத்துவாரம் வரிக்கும் ஓடனேன். ரெண்டையும் தண்ணில போட்டுட்டு, என் ஆள வுடுனு கேட்டேன். மூணாம் மாசம் லீவுல வந்து வாசல்ல நிக்கறாரு." எல்லம்மாவின் முகம் ஒரு கணம் இருபது வயசுக்குப் போய்த் திரும்பியது. "வந்ததும், பொட்டலம் எதுனா வந்துச்சானு கேட்டாரு. இல்லன்னுட்டேன். சொல்லிட்டா திரும்பவும் தூக்கினு பூடுமோனு பயம். அப்புறம் எப்ப சொல்றது? அந்த ஒரு இல்லையத்தான்டி அம்பது வருசமா முழுங்கிக்கினு கீறேன்."

பிறகு மெதுவாகக் கேட்டாள். "இந்தக் காயிதம் எப்ப வந்துது?"

பொய் சொல்லிவிடலாமா என்று பெனிட்டாவுக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. வாய் வரவில்லை.

"முப்பத்திரண்டு வருஷமாச்சிம்மா. நைனாவுக்குத் தெரியும்."

எல்லம்மா அழவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அவரு மனு எழுதறப்பல்லாம் நான் டீ போட்டுக் குடுத்துட்டு, வாசப்படில குந்திக்கினு நடுங்குவேனே. தெரிஞ்சிக்கினேவா வாங்கிக் குடிச்சாரு?"

பெனிட்டா தாளை மறுபடி பார்த்தாள். அந்தத் தாள் ஒன்று போதும், திருக்கைக் கதை அன்றோடு செத்திருக்கும். ஆனால் அதை வெளியே எடுத்தால் எல்லம்மாவை அந்த ஆபீசுக்கு அழைத்துப் போய், நாலு பேர் முன்னால் நிறுத்தி, ஏன் போட்டாய், எங்கே போட்டாய் என்று கேட்க வைக்க வேண்டும். மனுஷன் அதைச் செய்யாமல் புத்தகத்தில் மட்டும் ஏற்றுங்கள் என்று வருஷத்துக்கு வருஷம் கெஞ்சியிருக்கிறார். பாவி மனுஷன். சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

தாளை ஹவில்தாரிடம் கொடுத்தால் நைனாவுக்குக் கொடுத்த வாக்கு நிற்கும், நைனா காப்பாற்றியது போய்விடும். அவள் தாளை மடித்தாள். சவப்பெட்டியருகே போய், தான் தேய்த்து அவருக்குப் போட்டிருந்த வெள்ளைச் சட்டையின் பையில் செருகினாள். தலைமாட்டில் வந்து உட்கார்ந்த எல்லம்மா அதைப் பார்த்தாள்.

நாலு மணிக்கு எடுத்தார்கள்.

ஹவில்தார் சுபாஷ் விறைப்பான ஆள். வந்ததுமே பெனிட்டாவிடம் சொல்லிவிட்டார். "தப்பா நெனைக்காதம்மா. புக்குல இருக்கறத படிப்பேன். இல்லாதத படிச்சா இருக்கறதுக்கும் மரியாத போயிடும்."

கல்லறைத் தோட்டத்தில் பாதர் ஜெபம் முடித்து ஒதுங்கினார். பெட்டியை இன்னும் மூடவில்லை. சங்கத்துக் கொடியைப் பிடித்துக்கொண்டு நாலு பேர் நின்றார்கள். சுபாஷ் புத்தகத்தை விரித்து, எல்லோருக்கும் கேட்கிற குரலில் படித்தார்.

"பெயர், தானியேல். ஊர், தோணிரேவு. சேவை, பதினைந்து வருடம். நடத்தை, மிகவும் நன்று. பதக்கங்கள்..." அவர் ஒருதரம் பெனிட்டாவைப் பார்த்தார். "பதிவு ஏதுமில்லை."

கூட்டத்தில் யாரோ செருமினார்கள். பெனிட்டா கண்ணை மூடிக்கொண்டாள். மன்னிச்சிடு நைனா, மன்னிச்சிடு நைனா என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே நின்றாள்.

கண்ணைத் திறந்தபோது எல்லம்மா பெட்டியின் மேல் குனிந்திருந்தாள். கடைசி முத்தம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நிமிர்ந்தபோது அவள் கையில் அந்தத் தாள் இருந்தது.

"இதையும் படிங்க சார்."

சுபாஷ் பிரித்துப் பார்த்தார். மனசுக்குள் படித்தார். நெற்றி சுருங்கியது. எல்லம்மாவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அம்மா, இதுல பெற்றுக்கொண்டவர்னு..."

"படிங்க. எல்லாருக்கும் கேக்கட்டும்."

அவர் படித்தார். இங்கிலீஷை நிறுத்தி நிறுத்தித் தமிழாக்கிப் படித்தார். கிழக்குப் போரில் நின்றவர்களுக்கான பூர்வி ஸ்டார். போரில் காயம்பட்டவர்களுக்கான பதக்கம். அனுப்பிய வருஷம். பெற்றுக்கொண்டவர், மனைவி, எல்லம்மா, இடது கை பெருவிரல் ரேகை.

எல்லம்மா முந்தானைக்குள்ளிருந்து கையை எடுத்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

"நான்தான் வாங்கனேன். எம்புருசன் செத்துட்டாருனு நெனைச்சி நான்தான் முகத்துவாரத்துல போட்டேன். அவரு எங்கியும் பொய் சொல்லல. பொய் சொன்னவ நான். அது திருக்கை முள்ளு இல்ல, குண்டு. கேட்டுக்கோங்க எல்லாரும்."

ஏரிக்காற்றில் கொடி படபடத்தது. சுபாஷ் தாளை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்தார். இரண்டு எட்டுப் பின்னால் போய் விறைத்து நின்று சல்யூட் வைத்தார். அவருக்குப் பின்னால் நாலு பேரும் வைத்தார்கள். கண்ணப்பன் தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு பெட்டியருகே வந்தார். உதடு கோணிக்கொண்டு போயிற்று. தானியேலின் இடது தொடை மேல், வேட்டியின் மேலாகவே, கையை வைத்தார். யாரோ வந்து விலக்கும்வரை எடுக்கவில்லை.

திரும்பி வரும்போது சுபாஷ் சொன்னார். "இது போதும்மா. இத வச்சி பதிவு ஏத்திடலாம். வாங்கினவங்க உறுதிமொழி ஒண்ணு குடுக்கணும், அவ்ளோதான். காரியமெல்லாம் முடியட்டும், பொறுமையா பாக்கலாம்."

"இப்பவே எழுது" என்றாள் எல்லம்மா மகளிடம்.

வாசலில் அண்டா நிறையத் தண்ணீர் வைத்திருந்தார்கள். சாவுக்குப் போய் வந்தவர்கள் குளித்துவிட்டுத்தான் படியேறுவார்கள். எல்லம்மா குளிக்கவில்லை. மாலை வெயிலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். பெனிட்டாவின் கைப்பையில் வெள்ளைத்தாளும் மை டப்பாவும் எப்போதும் இருக்கும். எத்தனையோ பேர் பெருவிரலைப் பிடித்து ஒற்றியவள்தான். இன்றைக்கு எழுத்து கோணல் மாணலாக வந்தது. எழுதியதைப் படித்துக் காட்டினாள்.

"பயந்துக்கினு போட்டேன்னு எழுது."

"எழுதிட்டேம்மா."

"அவருக்குத் தெரியும்னு எழுதினியா?"

"எழுதியிருக்கேன்."

"அத அடிச்சிடு. அது சர்க்காருக்கு எதுக்கு? அது எங்க ரெண்டு பேரோடது."

அந்த வரியை அடித்துவிட்டு பெனிட்டா அம்மாவின் விரலைப் பிடித்தாள். ஊதா மையில் புரட்டித் தாளில் அழுத்தினாள். நடுவில் வெள்ளைக் கோடு விழுந்தது.

"சோப்பு எடுத்தாரேன், கைய கழுவிக்கோ."

"வாணாம்."

எல்லம்மா எழுந்து அண்டாவருகே போனாள். வலது கையால் மொண்டு மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டாள். சேலை நனைந்து உடம்போடு ஒட்டியது. அண்டாவில் தண்ணீர் பாதிக்குக் கீழே இறங்கும்வரை ஊற்றினாள். இடது கையை மட்டும் தண்ணீர் படாமல் பக்கவாட்டில் தள்ளி நீட்டியே வைத்திருந்தாள்.