சென்சாருக்கு ஒரு மூடி

என் தம்பிக்கு எதையும் நேராகச் செய்யத் தெரியாது. சுவரில் ஆணி அடிக்கச் சொன்னால் முதலில் சுத்தியலுக்குப் புதுக் கைப்பிடி போடுவான். வேலை காப்பீட்டு அலுவலகத்தில். ஞாயிற்றுக்கிழமையானால் மாடி அறையில் மரம் செதுக்கும் சி.என்.சி. இயந்திரமே கதி. "உனக்கு ரெண்டாவது பொண்டாட்டிடா அது" என்று கிண்டல் செய்வேன்.

மகள் தவழ ஆரம்பித்ததும் அவன் மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: மாடிப்படி உச்சியில் ஒரு கேட். கடையில் வாங்கிவிடலாம் என்றாள். "நானே செய்றேன், பின்ன எதுக்கு மெஷின் வெச்சிருக்கேன்?" என்று தடுத்துவிட்டான். குழந்தையோ ஓரிடத்தில் இருக்கிற ரகமில்லை. நாங்கள் வைத்த பெயர் உருண்டை. கண்ணை மூடித் திறப்பதற்குள் அடுத்த அறையில் இருப்பாள்.

கேட்டுக்கு வெட்டிய முதல் சட்டமே பாழாகிவிட்டது. இயந்திரத்தின் மூலையில் காசு அளவில் ஒரு சென்சார் உண்டு. வெட்டும் அலகை மாற்றும்போதெல்லாம், புது அலகு இறங்கி அதைத் தொடும். அலகின் நீளத்தை இயந்திரம் தெரிந்துகொள்வது அப்படித்தான். சென்சார் மேல் மரச்சீவல் கிடந்தால் கணக்கு தப்பிவிடும். அன்று தப்பியது. பலகையில் வேண்டாத ஆழத்துக்குப் பள்ளம்.

"முதல்ல இந்த சென்சாருக்கு ஒரு மூடி செய்யணும்க்கா, தூள் விழாம. அப்புறம் கேட் ஒரே நாள் வேலை."

"ரம்பத்த எடுத்து அறுத்து ஆணி அடிடா. அரண்மனைக் கதவா செய்யப்போற?"

"உனக்குப் புரியாதுக்கா."

கீல் வைத்த மூடி, காந்தம் வைத்த மூடி, அலகு வரும்போது தானே திறக்கும் மூடி என்று வரைந்து வரைந்து வெட்டினான். எதுவும் மனசுக்குப் பிடிக்கவில்லை. ஞாயிறுகள் போய்க்கொண்டிருந்தன. கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், அவன் மனைவி படி உச்சியில் ஒரு நாற்காலியைக் குறுக்கே போட்டுவைத்தாள்.

அந்த ஞாயிறு அவளுக்குத் தையல் ஆலையில் வேலை. நான் காய் வாங்கக் கிளம்பினேன். "குழந்தையப் பாத்துக்கடா" என்றேன். "நான் பாத்துக்கறேன், நீ போ" என்றான். உருண்டை அவன் காலடியில் பாயில் உட்கார்ந்திருந்தாள். நான் போனபிறகு, மூடி திறப்பதை உட்கார்ந்து பார்க்க வசதியாக, படியில் கிடந்த அந்த நாற்காலியை அறைக்குள் இழுத்துக்கொண்டிருக்கிறான்.

திரும்பி வந்து கதவைத் திறந்தேன். உருண்டை படிக்குக் கீழே கிடந்தாள். மேலே இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அலறினேன். காதில் அடைப்பான் மாட்டியவனுக்கு எங்கே கேட்கும்? குழந்தையை அள்ளிக்கொண்டு மாடிக்கு ஓடி, அவன் முதுகில் ஓங்கி அறைந்தேன். பாவி, திரும்பாமலே சொன்னான்: "பாருக்கா, தானாவே திறக்குது!"

ஆஸ்பத்திரியில் டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். உருண்டை போய்விட்டாள்.

அவன் மனைவி வேலை உடுப்போடு ஓடிவந்தாள். விஷயத்தை நான்தான் சொன்னேன். அழவில்லை. நேராக அவனிடம் போய் நின்றாள்.

"என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"மூடி செஞ்சிட்டிருந்தேன்."

"எதுக்கு?"

"சென்சாருக்கு. தூள் விழுந்தா கெட்டுப்போயிடும்…"

நான் இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. அந்த நிமிஷம் அவனைக் கொன்றுபோடலாம் என்றிருந்தது எனக்கு.

"இப்ப அது பத்திரமா இருக்கா?" என்று கேட்டாள்.

அவன் தலையாட்டினான். "இருக்கு" என்றான்.